இடது முன் சக்கரம்

வாலிநோக்கத்துக் காற்று எதை விட்டுவைத்தது?
பூட்டு, ஜன்னல் கம்பி, பள்ளிக்கூட மணி,
செல்போனில் சார்ஜ் குத்துகிற ஓட்டை.
இப்போது ஜிப்ஸி.

வனத்துறை ஏலத்தில் எடுத்த வண்டி.
கதவில் நாங்கள் அடித்த நீலத்தை நகத்தால் சுரண்டினால்
பச்சை வரும், பச்சைக்குள் ஒரு பாதி யானை.
ஐஸ் ஏற்றும், நண்டுக்கூடை ஏற்றும்,
வத்தல் தண்ணியில் அச்சு முங்கக் கடலுக்குள்ளும் இறங்கும்.
யார் இறக்கியது என்று கேட்டால்
நான் கலந்தரைச் சொல்வேன்.
அவன் என்னைச் சொல்வான், வேறு யாரிடமாவது.

மூன்று நாளாய் வண்டி
உப்பளத்துப் பக்கமே முகம் திருப்புகிறது.
இறங்கி, இடது சக்கரத்தில் தண்ணீர் தெளித்தேன்.
தோசைக்கல்.
பிடித்தால் விடமாட்டேன் என்கிறது கேலிப்பர்.

கல் முட்டுக் கொடுத்து, சக்கரம் கழற்றி,
கேலிப்பர் வாய்க்குள் ஒரு வேலமரக் கட்டையைக் கொடுத்து
பெடலை மிதித்தே பிஸ்டனை வெளியே தள்ளினேன்.
வர மனமில்லாமல் வந்தது.
பின்னாலேயே கருப்பட்டிப் பாகு மாதிரி ஆயில்.
டப்பாவை மூடிவைத்தாலும் காற்றிலிருந்து ஈரம் குடிக்கிற ஜாதி அது,
எங்கள் ஊரில் அதற்குக் குடிக்கவா பஞ்சம்.
பிஸ்டன் முழுக்க அம்மைத் தழும்பு.
எமரித்தாள் போட்டுப் பார்த்தேன், விரல்தான் தேய்ந்தது.

புது பிஸ்டனும் கிட்டும்
மதுரையில் பஸ் ஏற்றிவிட்டார்கள்.
ராமநாதபுரம் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் வாங்கினேன்,
மல்லிகைப்பூப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

கிட் என்றால் பெரிதாய் ஒன்றுமில்லை.
சதுர வெட்டில் ஒரு ரப்பர் வளையம், ஒரு தூசிக்கவர்,
இரண்டு செப்பு வாஷர்.
மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே போகும்,
வளையம் கொஞ்சம் முறுகிக்கொடுக்கும்.
காலை எடுத்தால் தன் வடிவுக்குத் திரும்பும்,
திரும்பும்போது பிஸ்டனையும் கையோடு கூட்டிவரும்.
ஸ்பிரிங் ஏதும் கிடையாது.
ஒரு மயிரளவு இடைவெளி,
அதில்தான் சக்கரம் சுற்றுகிறது.

எல்லாம் மாட்டியாயிற்று. காற்று எடுக்க வேண்டும்.
அதற்கு ஆள் இரண்டு வேண்டும்.

ஒற்றைப்படை வாரம் எனக்கு, இரட்டைப்படை அவனுக்கு.
சாவி ஐஸ் கம்பெனி ஆணியில் தொங்கும்.
முப்பத்தெட்டாயிரம்.
அவன் நோட்டில் நான் தரவேண்டும்,
என் நோட்டில் அவன்.
இரண்டு வருஷமாய்ப் பேச்சு ஆணியோடு சரி.

இரட்டைப்படை வாரம் பிறந்துவிட்டது போலிருக்கிறது.
வந்து நின்றான். கல்லில் நிற்கும் வண்டியைப் பார்த்தான்.
செருப்பைக் கழற்றி டிரைவர் சீட்டில் ஏறினான்.

மிதி.
பிடிச்சிருக்கேன்.
நிப்பிளைத் திறந்தேன்; டியூபில் பழுப்பும் குமிழியும்.
பூட்டினேன். விடு.

மிதி.
பிடிச்சிருக்கேன்.
விடு.

நான் பூட்டுமுன் அவன் கால் எடுத்தால்
எடுத்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே போகும்.
பதினேழு தடவை.
ஒரு தடவைகூட எடுக்கவில்லை.
பதினெட்டாவதில் குமிழி இல்லை.
"இறுகிருச்சு" என்றான்,
நான் கேட்காமல்.

உப்புக் குவியல்கள் வரை ஓட்டினான், நான் பக்கத்தில்.
ஓடைப்பாலத்தில் ஆடு குறுக்கே வர, மிதித்தான்.
எங்கும் திரும்பாமல் நேராய் நின்றது.
இறங்கி டிஸ்க்கில் உள்ளங்கை வைத்தான்.
அதையும் வாயால் சொல்லவில்லை, தலையால்.

"கிட் எவ்வளவு?"
"பிஸ்டனோட ஆயிரத்து எழுநூறு."
பானட்டில் இரண்டு ஐந்நூறை வைத்து, காற்றுக்கு
மேலே பதினாலாம் நம்பர் ஸ்பேனரை வைத்தான்.
பாதி எண்ணூற்றைம்பது.
மீதிக்கு என்னிடமும் சில்லறை இல்லை, அவனிடமும்.

நூற்றைம்பது ரூபாய்.
இதை மட்டும் இரண்டு நோட்டிலும்
ஒரே மாதிரி எழுதிக்கொண்டோம்.